சான்றிதழ் உங்கள் பெயரில், பாடத்தை முடித்தது மகள்

பாம்பனிலிருந்து ஒரு வாசகர் குரல்வழித் தட்டச்சில் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சர்க்கரை நோயால் பார்வை போனவர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு மனைவியோடு கருவாட்டு வியாபாரம் பார்க்கிறார். ஓர் அறக்கட்டளை நடத்தும் இணையவழி சர்க்கரை நோய் வகுப்பில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறார். அதில் உணவு அட்டவணை முழுக்கப் படம். பாதப் பராமரிப்பு வீடியோவில் பேச்சே இல்லை, இசையும் எழுத்தும்தான். வினாடி வினாவில் படங்களை இழுத்துப் பொருத்த வேண்டும். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் செல்போனின் டாக்பேக் வசதி "படம், படம், பெயரில்லாத பொத்தான்" என்றே வாசிக்கிறது. உதவி எண்ணில் பேசிய பெண், "கண் தெரிஞ்சவங்க யாரையாவது பக்கத்துல வச்சுக்கோங்க" என்றாராம். கடைசியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் எல்லாவற்றையும் அழுத்தி முடிக்க, அவர் பெயரில் சான்றிதழ் வந்துவிட்டது. இப்போது பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. அவர் கேட்பது போலீஸ் புகாரும் பத்து லட்சம் நஷ்டஈடும்.

ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பெண் பேசியதை வழக்கில் இழுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 92-வது பிரிவில் அவமதிப்புக் குற்றம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே செய்தால்தான் நிற்கும். போனில் இருவர் பேசியது அதில் வராது. பத்து லட்சத்தையும் மறந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இன்ன வசதி வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் கேட்டீர்களா? நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது அந்தச் சட்டம். தனியார் அறக்கட்டளையும் அதன் வரையறைக்குள் வரும். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம். ஆனால் மறுத்தார்கள் என்று காட்ட, முதலில் கேட்டீர்கள் என்று காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் இருப்பதெல்லாம் போன் பேச்சு.

நான் உண்மையில் பயப்படுவது அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான். என்னிடம் வந்த ஒருவருக்கு இதே மாதிரி நடந்தது. "ஒரு பாடத்தைக்கூடத் திறக்க முடியவில்லை" என்று பிரமாணப் பத்திரம் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சர்வர் பதிவை எடுத்து நீட்டினார். எல்லாப் பாடங்களும் முழுமை, தேர்வில் பத்துக்கு ஒன்பது, தேதியும் நேரமும் அச்சாக இருந்தன. வீட்டில் தம்பி செய்துகொடுத்தான் என்று அப்புறம் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்தே போயின. உதவி செய்த கையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதனால் மகள் செய்ததை நீங்களே முதல் பத்தியில் எழுதிவிடுங்கள். சான்றிதழை எங்கும் காட்டாமல், காரணம் எழுதித் திருப்பி அனுப்புங்கள். இனி அந்தக் கணக்கை மகள் தொட வேண்டாம். நீங்கள் மட்டும் டாக்பேக்கோடு திறந்து, குரல் கேட்கும்படி இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். அதைத் தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளுக்கென்று பாரதிய சாட்சியச் சட்டம் 2023-ன் 63-வது பிரிவு கேட்கும் சான்றும் வேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

அடுத்தது அந்தப் படிவம். கையெழுத்துப் போடாதீர்கள். அதில் "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்றும், "படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன்" என்றும் வரிகள் இருக்கும். உங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரை வைத்து ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 4,500 ரூபாய்க்குக் கையெழுத்திட்டால் பாடமும் கிடைக்காது, வழக்கும் நிற்காது.

சரி, வழக்கே போட்டால்? ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் போடலாம். கல்வி என்பது சேவையே இல்லை என்று முதல் நாளே வாதம் வரும், அதற்கே மாதக்கணக்கில் போகும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம், ஆனால் அவர் தருவது பரிந்துரை. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 89-வது பிரிவில் முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம், அதுவும் உங்கள் கைக்கு வராது.

ஆகவே சமாதானமாகப் போங்கள் என்றே சொல்வேன். பணத்துக்காக இல்லை. கருவாட்டுக் களத்தில் சிப்பியும் முள்ளும் கிடக்கும் மணலில் நடக்கிறவர் நீங்கள். பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பாடம் உங்களுக்கு உதவாது. சூட்டையும் வீக்கத்தையும் கையால் தடவி அறிவது எப்படி, வீட்டில் ஒருவர் தினமும் பார்த்துச் சொல்ல வேண்டியது என்ன என்று சொல்லித்தரும் பாடம் இந்த மாதமே வேண்டும்.

பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் மூன்றே கோரிக்கை வையுங்கள். அட்டவணை எழுத்து வடிவில் வர வேண்டும், பாத வீடியோவுக்குக் குரல் விளக்கம் சேர்க்க வேண்டும், தேர்வைப் போனில் வாய்மொழியாக நடத்த வேண்டும். முப்பது நாள் கெடு கொடுங்கள். ஒப்புக்கொண்டால் அந்த மூன்றையும் தேதியோடு ஒப்பந்தத்தில் எழுத வைத்து, அவை கைக்கு வந்த பிறகு கையெழுத்திடுங்கள். மறுத்தால் அந்தக் கடிதமும் தபால் ரசீதும்தான் உங்கள் வழக்கு. இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.