அம்மாவுக்கு மறதி: ஞாபகசக்தி மாத்திரை வாங்குவதற்கு முன்

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின், இதயத்துக்குத் தினமும் ஆஸ்பிரின், நெஞ்செரிச்சலுக்குப் பேன்டோபிரசோல் சாப்பிடுகிறார். அசைவம் தொடமாட்டார். சில மாதங்களாகத் தெரிந்தவர்கள் பெயரே மறந்துபோகிறது. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். ஜின்கோ, பிரம்மி, அஸ்வகந்தா, ஒமேகா-3, பி12 என 14 பொருட்கள் சேர்ந்த ‘பிரெய்ன்’ காப்ஸ்யூல் ஆன்லைனில் 1,499 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா? நல்ல தரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இந்தக் காப்ஸ்யூல் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே அதைவிட முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. நீண்ட நாள் மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல், சைவ உணவு. இந்த மூன்றுமே உடலில் வைட்டமின் பி12 குறையக் காரணமாகக் கூடியவை. உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. சைவம் சாப்பிடுபவருக்குப் பால், தயிரைத் தவிர வேறு வரவும் அதிகமில்லை. பி12 குறைந்தால் மறதி, மந்தம், பாதத்தில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் எல்லாம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நாள் கடந்தால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

ஆகவே முதல் செலவு ரத்தப் பரிசோதனைக்கு. பி12, தைராய்டு (டிஎஸ்எச்), சோடியம், ஹீமோகுளோபின், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே எடுத்துக்கொள்ளலாம். 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அந்த நிலையில், பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்தால் தெளிவாகும். ரத்தம் கொடுக்கும்வரை எந்த பி-காம்ப்ளக்ஸும் ஆரம்பிக்காதீர்கள். நாலு மாத்திரை உள்ளே போனாலே ரத்த அளவு ஏறி, குறை மறைந்துவிடும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் சாப்பிடுகிறவராக இருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். சில தைராய்டு பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டும்.

பி12 குறைவு என்று தெரிந்தால் மருந்து எளிது: தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. இவ்வளவு எதற்கு என்று தோன்றும். வழக்கமான உறிஞ்சல் பாதை பழுதாகியிருந்தாலும், கொடுத்ததில் நூற்றுக்கு ஒரு பங்கு குடல் சுவர் வழியாகத் தானாகவே கசிந்து ரத்தத்தில் சேரும். அந்த ஒரு பங்கே அன்றைய தேவைக்குப் போதும். சயனோகோபாலமின், மெத்தில்கோபாலமின் இரண்டில் எதுவானாலும் சரி. கால் மதமதப்பு, தள்ளாட்டம் இருந்தால் ஊசியில் தொடங்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம். அது ரத்தசோகையைச் சரிசெய்து, நரம்பு கெடுவதை மட்டும் மறைத்துவிடும்.

அடுத்து, கூட்டுவதற்கு முன் கழிக்க வேண்டியவை. சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கும் வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அல்பிரசோலம் போன்றவை வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும். (அல்பிரசோலத்தைச் சட்டென நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.) காது மந்தமாக இருந்தாலும் ‘மறந்துபோச்சு’ என்றுதான் வெளியில் தெரியும். வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியைத் தினமும் கலக்கிக் குடிப்பது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் தவறு. அது ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, அதுவே மனக்குழப்பத்தில் கொண்டுவிடும். வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்.

இப்போது அந்த 14 பொருள் காப்ஸ்யூலுக்கு வருவோம். பெரிய காப்ஸ்யூல் ஒன்றில் தோராயமாக 500 முதல் 700 மில்லிகிராம் பொடிதான் அடங்கும். 14 பொருளுக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சராசரி அதிகபட்சம் 50 மில்லிகிராம்தான் வரும். பிரம்மிக்கு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் தினம் 300 மில்லிகிராம் உலர்சாறு (எக்ஸ்ட்ராக்ட்) கொடுத்தார்கள், ஜின்கோவுக்கு 240. ஆக, லேபிளில் பெயர் இருக்கும், வேலை செய்யும் அளவு இருக்காது. ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்’ என்று மொத்த எடையை மட்டும் போட்டு, தனித்தனி அளவைச் சொல்லாத டப்பாவை அந்த இடத்திலேயே கீழே வைத்துவிடலாம். ஒரு பொருளை வேண்டிய அளவில் தனியாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்றும் தெரியும்.

அதிலுள்ள ஜின்கோ (ஒரு மரத்தின் இலைச்சாறு) உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஆபத்தை ஏற்கும் அளவுக்குப் பலனாவது உண்டா என்றால், 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,069 முதியவர்களில் பாதிப் பேருக்கு ஜின்கோ தினம் 240 மில்லிகிராம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தும் மறதி நோய் வருவது குறையவில்லை. போதாக்குறைக்கு, வேறு செடிகளிலும் கிடைக்கும் மலிவான ஃபிளேவனாய்டுகளான ரூட்டின், குவெர்சிட்டின் சேர்த்துச் சோதனையில் ‘24 சதவீதம் ஃபிளேவனாய்டு’ என்று தேற வைப்பது இந்தச் சரக்கில் பழைய கலப்படம்.

அஸ்வகந்தா அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், தைராய்டு அளவை ஏற்றலாம், சர்க்கரையை இறக்கலாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. சாப்பிடும்போது சிறுநீர் அடர் மஞ்சளாகவோ உடம்பு அரிப்பாகவோ மாறினால் உடனே நிறுத்துங்கள்.

பிரம்மிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, சிறிய ஆய்வுகள்தான். 12 வாரம் சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் பலன் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். வயிற்றுப் பிரட்டலும் இளகிய மலமும் வரலாம், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் குறையும். வாங்கும்போது லேபிளில் தாவரப் பெயரைப் பாருங்கள். நீர்ப்பிரமி என்பது பக்கோபா மோனியேரி. வல்லாரை சென்டெல்லா ஆசியாட்டிகா. வடக்கே இரண்டையுமே பிரம்மி என்று விற்கிறார்கள். ‘50 சதவீதம் பேக்கோசைடு’ (நீர்ப்பிரமியின் முக்கிய வேதிப்பொருள்) என்று போட்டிருந்தால் அளந்தது எந்த முறையில் என்று கேளுங்கள். புற ஊதா ஒளி முறை மற்ற பொருட்களையும் சேர்த்து எண்ணிக் கூட்டிக்காட்டும். பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில் அதே பொடி மிகக் குறைவாகவே காட்டும். வல்லாரைத் துவையலுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம், ஆனால் கீரை சாக்கடை ஓரத்தில் பறித்ததாக இருக்கக் கூடாது. இந்த வகை நீர்ச் செடிகள் கழிவுநீரின் ஈயத்தையும் காட்மியத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஒமேகா-3க்கு மீன் சாப்பிடாதவர்களுக்குப் பாசி எண்ணெயில் எடுத்த டிஹெச்ஏ (ஒமேகா-3 கொழுப்பில் ஒரு வகை; இபிஏ இன்னொரு வகை) இருக்கிறது. பச்சை வட்டக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மீன் எண்ணெயோ ஜெலட்டின் ஓடோ இருந்தால் பழுப்பு முக்கோணம் இருக்கும். வீட்டில் வேறு யாராவது மீன் எண்ணெய் வாங்கினால் முன்பக்கம் போட்ட ‘1000 மில்லிகிராம்’ எண்ணெயின் எடை. பின்பக்கம் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருந்தால் உண்மையான ஒமேகா-3 வெறும் 300தான். ஒன்றை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் வாடை அடித்தால் எண்ணெய் சிக்குப்பிடித்துவிட்டது. எலுமிச்சை மணம் சேர்த்ததில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மத்தி, அயிலை சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் இரண்டு வேளை மீனே போதும். அளவுக்கு மீறிய மாத்திரை இதயத் துடிப்பை ஒழுங்கின்றி ஆக்கலாம்.

தரம் பார்க்கும் வழி

முதலில், கையில் உள்ளது உணவா, மருந்தா? எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையோடு 14 இலக்க எண்ணும், ‘ஹெல்த் சப்ளிமென்ட்’, ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ என்ற வாசகங்களும் இருந்தால் உணவு. ஆயுர்வேத, சித்த மருந்தில் மாநில உரிம அதிகாரி கொடுத்த தயாரிப்பு உரிம எண் இருக்கும். 14 இலக்க எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர், முகவரி லேபிளோடு பொருந்த வேண்டும். எண் 2இல் தொடங்கினால் அது சிறு வணிகர்களுக்கான பதிவு. காப்ஸ்யூல் ஆலைக்கு அது பொருந்தாது. இந்த எண் தொழிற்கூடத்துக்குத் தரும் உரிமம் மட்டுமே. ‘எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகரித்த ஞாபகசக்தி மாத்திரை’ என்று விளம்பரம் செய்தால் அது ஏமாற்று. மருந்துகளுக்கான 1945ஆம் ஆண்டு விதிகளில் ஜே அட்டவணை உண்டு. எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் அது. மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் அதில் இருக்கின்றன.

இரண்டாவது, நீங்கள் வாங்கப்போகும் பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு, அதன் ஆய்வுச் சான்றைக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தின் சான்றாக இருந்தால் நல்லது. அளந்த அளவு இல்லாமல் ‘கம்ப்ளைஸ்’ (விதிப்படி உள்ளது) என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. இறக்குமதிச் சரக்கில் யுஎஸ்பி வெரிஃபைட் அல்லது என்எஸ்எஃப் (தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்புகள்) முத்திரை மதிக்கத்தக்கது.

மூன்றாவது, ஈயம். மூலிகைப் பொடிக்கு நம் நாட்டில் அனுமதிக்கும் உச்சம் 10 பிபிஎம், அதாவது கிராமுக்கு 10 மைக்ரோகிராம். தினம் 5 கிராம் சூரணம் சாப்பிடுபவர் அந்த உச்ச அளவுக்குள் உள்ள பொடியிலிருந்தே 50 மைக்ரோகிராம் ஈயம் பெறலாம். மருந்துகளில் கலந்திருக்கும் ஈயத்துக்கு உலகளவில் பின்பற்றப்படும் தினசரி எல்லை 5 மைக்ரோகிராம். ஆகவே, ‘வரம்புக்குள் உள்ளது’ என்பது சூரணத்துக்குப் போதாது. சான்றில் உள்ள பிபிஎம் எண்ணைத் தினசரிக் கிராமோடு பெருக்கிப் பாருங்கள். அரைக் கிராம் காப்ஸ்யூலில் அதே 10 பிபிஎம் 5 மைக்ரோகிராம்தான் ஆகும். 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது.

நரம்புக்கு என்று விற்கும் மாத்திரைகளில் பி6 (பிரிடாக்சின்) அளவையும் பாருங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்தது. அதைவிடப் பல மடங்கை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பாதம் மதமதக்கும். எதைப் போக்க வாங்கினோமோ அதையே அது உண்டாக்கும். இரண்டு மூன்று மாத்திரைகளில் பி6 இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால் விற்பவர் பெயர் நிறுவனத்தின் பெயரோ அதன் அதிகாரப்பூர்வக் கடையோ ஆக இருக்கட்டும். பேட்ச் எண் சுரண்டியிருந்தாலும், எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், உள் சீல் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்புங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பி12 தொடங்கினால் மூன்று மாதம் கழித்து அளவை மறுபடி பாருங்கள். இடையில் அவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, அதன் பிறகு மறதியோ தூக்கக்கலக்கமோ திடீரென்று கூடினால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசியக்கூடும், ஸ்கேன் எடுத்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும்.