மகன் குள்ளமாக இருப்பது வளர்ச்சி ஹார்மோன் மரபணுக் கோளாறாலா?

"தொடக்கநிலை 5இல் படிக்கும் மகன்தான் வகுப்பிலேயே குள்ளம். மரபணுவில் கோளாறு இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் பெரும்பாலும் அப்படி இருக்காது.

வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணு ஜிஎச்1. அது 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதையொட்டி அதே குடும்பத்து மரபணுக்கள் இன்னும் நான்கு வரிசையாக நிற்கின்றன. அவை முக்கியமாக நஞ்சுக்கொடியில் வேலை செய்பவை. ஜிஎச்1 மட்டும் மூளையடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வேலை செய்கிறது. அங்கே உருவாகும் புரதத்தில் 191 அமினோ அமிலங்கள். அது ரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைந்ததும், கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கிறது. இரண்டும் சேர்ந்து எலும்பு முனைகளிலுள்ள குருத்தெலும்பை வளர்க்கின்றன.

இந்த ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் சுரக்கும், அதிலும் கண்ணயர்ந்த முதல் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதி. பகலில் ஒருமுறை ரத்தம் எடுத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியலாம். அதனால்தான் மருத்துவர்கள் நாள் முழுதும் அதிகம் ஏறி இறங்காத ஐஜிஎஃப்-1 அளவைப் பார்க்கிறார்கள். துணைப்பாடம் முடிந்து பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் ஜிஎச்1 பிரதிகள் இரண்டுமே இல்லாத குழந்தைகள் மிக அரிது. உயரத்தைத் தீர்மானிப்பவை ஆயிரக்கணக்கான சிறு மரபணு வேறுபாடுகள், அதாவது நீங்களும் உங்கள் துணைவரும் கொடுத்தவை.

சுகாதாரப் புத்தகத்தின் வளர்ச்சி வரைபடத்தில் அவன் கோடு கீழே சரிகிறதா, ஆண்டுக்கு 5 செ.மீ.க்குக் குறைவாக வளர்கிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். எலும்பு முனைகளிலுள்ள குருத்தெலும்பு எலும்பாகி மூடிவிட்டால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டும் உயரம் கூடாது.