ஆர்எஃப்ஐடி பட்டி போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அடையாளம் காணும் முறை) பட்டி என்பது சாமானில் ஒட்டும் ஒரு சின்னச் சில்லும் (சிப்) அன்டெனாவும்தான். பெரும்பாலும் பற்றரி இல்லை. வாசிக்கும் கருவியின் ரேடியோ அலையே சக்தி கொடுக்க, பட்டி தன் இலக்கத்தைச் சொல்லும். மலிவான பட்டி யார் கேட்டாலும் சொல்லிவிடும். ஓட்டை அங்கேதான்: அந்த இலக்கத்தை வேறொரு வெற்றுப் பட்டியில் எழுதிவிடலாம்.

நல்ல பட்டிக்குள் வெளியே வராத இரகசியத் திறவுகோல் (ஒரு இரகசிய எண்) இருக்கும். கருவி ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி அனுப்பும். திறவுகோல் உள்ள பட்டிதான் சரியான விடை தரும். படலையில் நின்று "நான் சித்தப்பாவின் மகன்" என்பவரிடம் வீட்டாருக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்பது போல.

மலிவான பட்டிக்குப் பதிவேடுதான் துணை: ஒரே இலக்கம் யாழ்ப்பாணத்திலும் பத்து நிமிடத்தில் கொழும்பிலும் வாசிக்கப்பட்டால், ஏதோ ஒன்று போலி.

"பீப்" சத்தம் கேட்டால் பொருள் அசல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அசல் பட்டியையே உரித்துப் போலிச் சாமானில் ஒட்டியிருக்கலாம்.