நாலாம் வசனத்தோடு மூடிய வேதம்

கேள்வி: நெருங்கியவரை இழந்த துக்கத்தைக் கிறிஸ்தவ விசுவாசம் உண்மையிலேயே ஆற்றுமா? உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு ஆற்றியது. ஆனால் முதலில் எரிச்சலைத்தான் கிளப்பியது.

என் தம்பி பைக் விபத்தில் போனபோது அவனுக்கு 27 வயது. திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் எங்களுடையது. அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பியதுமே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா." "ஆண்டவருக்கு அவன் தேவைப்பட்டிருக்கான்." ஒரு சித்தி அம்மாவின் கையைப் பிடித்து, "விசுவாசிங்க இப்படி அழக்கூடாதுக்கா" என்றாள். வேதத்தில் தெசலோனிக்கே ஊர்ச் சபையாருக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதியதைத்தான் சொல்கிறாள்: 'நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல' துக்கப்படாதீர்கள் என்று. அதில் 'மற்றவர்களைப்போல' என்பதை விழுங்கிவிட்டால் அழவே கூடாது என்று ஆகிவிடும்! இறந்துபோன சிநேகிதன் லாசருவுக்காக இயேசுவே கண்ணீர் விட்டார். அதுவும், சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு நான் எதுவும் பேசாமல் புறவாசலுக்குப் போய்விட்டேன்.

எங்கள் சபையில் ஊழியம் செய்கிற வயதான உபதேசியார் அங்கே வந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. அந்த மாதிரி இருந்தது. எழுந்து போகும்போது, "88-ஆம் சங்கீதம் வாசிம்மா. அது முடியலேன்னா 13" என்றார்.

சங்கீதங்கள் என்பவை வேதத்தில் உள்ள ஜெபப் பாட்டுகள். அவற்றில் புலம்புகிறவை பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. சிநேகிதனும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை என்று இருட்டிலேயே நின்றுவிடும். இதையும் யாரும் கத்தரித்து எறியாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல்.

13 ஆறே வசனம். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று ஆரம்பிக்கும். நாலாம் வசனம் வரை முறையீடும் கெஞ்சலும். கடைசி இரண்டும் நம்பிக்கை, பாட்டு. அந்த இரண்டையும் சொன்னால் பொய்யாகிவிடும் என்று மாதக்கணக்கில் நாலோடு மூடி வைத்தேன். அதுவே ஜெபம்தான் என்று அப்போது தோன்றவில்லை. சண்டை போட்டாலும் ஆண்டவரிடம்தானே போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கமும் சாப்பாடும் அடியோடு போய், மனநல மருத்துவரிடம் போனேன். விசுவாசக் குறைவு என்று சிலர் முணுமுணுத்தார்கள். 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டு சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மாத்திரை விழுங்கும்போதெல்லாம் அந்த அடையை நினைத்துக்கொள்வேன்.

முதல் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் பலகாரமே இல்லை. இரண்டாவது வருஷம், யாரும் கேட்காமலே, அம்மா முந்திரிக்கொத்து போட்டாள். அவனுக்கு உயிர் அது. அன்றிரவு ஆறு வசனமும் வாசித்தேன். மறுநாள் மறுபடியும் நாலுதான்.