கடலோர மேட்டில் வீடு: புயல் காலத்துக்கு முன் சில கேள்விகளும் பதில்களும்

அக்டோபர் பிறந்தால் கடற்கரைக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் இப்போதே கேள்விகளை அனுப்பச் சொன்னேன். பொதுப்பணித் துறையில் கடலரிப்புத் தடுப்பு வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் அல்ல, சோதிடனும் அல்ல. வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் பலருக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

கேள்வி (பொம்மையார்பாளையம்): ஐயா, எங்கள் வீட்டுக்கும் மேட்டின் விளிம்புக்கும் நடுவே 12 மீட்டர்தான் மிச்சம். ஃபெஞ்சல் புயலின்போது அலை மேட்டின் அடிவாரம் வரைதான் வந்தது, மேலே ஏறவில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்து முற்றத்தில் கடலுக்கு இணையாக ஒரு விரிசல் ஓடியது. அலை ஏறாமலே எப்படி?

பதில்: முதலில் நீங்கள் ஒன்று சொல்லுங்கள்: கழிவுநீர்த் தொட்டி வீட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? கடல் பக்கம் என்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

மேட்டை விழுங்குவது கடல் மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான மழை. அவ்வளவும் மணல் மேட்டுக்குள் இறங்கினால் மண்ணின் எடை ஏறும், பிடிப்பு குறையும். ஈர மணல் நிற்கும். ஊறிப்போன மணல் நிற்காது. அதே நேரத்தில் கீழே அலை அடிமண்ணைக் கொஞ்சம் சுரண்டியிருக்கும். மேலே பாரம், கீழே தாங்கல் இல்லை. அதன் முதல் அறிகுறிதான் உங்கள் விரிசல்.

மழை விட்டதும், இடிந்து விழுந்தால் எட்டாத தூரத்தில் நின்று மேட்டின் வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு கருத்த ஈரப் பட்டை கிடைமட்டமாக ஓடும். அதில் விரல் அகலத் துளைகளும் துளைக்குக் கீழே விசிறிபோல் வழிந்த மணலும் தெரிந்தால், உள்ளிருந்து நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். அந்த இடத்தில் கடல் பக்கம் எத்தனை கல் போட்டாலும் மேடு சரியும்.

செய்ய வேண்டியது இது. விரிசலின் இரு கரையிலும் ஒவ்வோர் இரும்பு முளை அடித்து, இடைவெளியை வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். மழை நாளில் தினமும். விரிசல் வாயைக் களிமண்ணால் அடைத்து மழைநீர் புகாமல் பாருங்கள். சிமெண்ட் வேண்டாம், அது ஓரத்தில் விட்டுப் பிரியும். கூரைத் தண்ணீர் முழுவதையும் குழாயில் வாங்கித் தெருப் பக்கம் கொண்டுபோங்கள். தெருப் பக்கம் மேடாக இருந்து கடல் பக்கம்தான் விட முடியும் என்றால், மூடிய குழாயாக மேட்டின் அடி வரை இறக்கி, அங்கே கல் பரப்பி விடுங்கள். விளிம்பிலிருந்து கொட்டவிடுவது மேட்டுக்கு நீங்களே வாய்க்கால் வெட்டுவதாகும். தண்ணீர்த் தொட்டி, ஜல்லிக் குவியல், கார் எதுவும் விரிசலுக்குக் கடல் பக்கம் இருக்கக் கூடாது.

கேள்வி (கோட்டக்குப்பம்): வீட்டுக்கு எதிரே கருங்கல் கொட்டலாம் என்றிருக்கிறோம். எத்தனை லோடு போதும்?

பதில்: எத்தனை லோடு என்பதைவிட ஒவ்வொரு கல்லும் எத்தனை கிலோ என்பதுதான் கணக்கு. கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடியை (உயரம் × உயரம் × உயரம்) பொறுத்தது. அலை இரட்டிப்பானால் கல் எட்டு மடங்கு வேண்டும். வழக்கமான சரிவில் 1.5 மீட்டர் அலைக்குச் சுமார் அரை டன் கல் தாக்குப்பிடிக்கும். 3 மீட்டர் அலைக்கு நாலரை டன். லாரிக்காரர் கொண்டுவரும் நூறு, நூற்றைம்பது கிலோ கல்லைப் புயல் அலை உருட்டி விளையாடும்.

அதோடு முடியவில்லை. கல்லுக்கு அடியில் வடிகட்டித் துணியும் சிறுகல் அடுக்கும் இல்லையென்றால், ஒவ்வோர் அலையும் இடுக்கு வழியாக மணலை உறிஞ்சிக்கொண்டு போகும். வெளியே சுவர் நன்றாக நிற்கும்; பின்னால் முற்றத்தில் திடீரென்று ஆள் இறங்கும் அளவுக்குக் குழி விழும். சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் பாதத்திலேயே பள்ளம் பறிக்கும் என்பதால், பாதக் கற்களை மணலுக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டும். சுவரின் இரு முனைகளையும் நிலத்துக்குள் வளைத்து முடிக்காவிட்டால் கடல் பக்கவாட்டில் சுற்றி வரும். தனியொரு வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. அனுமதியில்லாமல் செய்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி குற்றமும்கூட. ஊராகச் சேர்ந்து, மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வழியாக விண்ணப்பியுங்கள்.

கேள்வி (உவரி): பழைய வீட்டை இடித்த கட்டடக் கழிவு இலவசமாகக் கிடைக்கிறது. விளிம்பில் கொட்டலாமா?

பதில்: கூடாது. ஒரு புயலில் அது கரைந்து, கம்பி மட்டும் கடற்கரையில் நிற்கும். படகு இழுப்பவர்களின் காலைக் கிழிப்பதற்குத்தான் உதவும்.

கேள்வி (வர்க்கலாவில் தங்கும் விடுதி நடத்தும் தமிழர்): எங்களுடையது மணல் மேடு அல்ல, பாறைக் குன்று. எங்களுக்கு இந்தப் பயம் தேவையா?

பதில்: தேவை. வர்க்கலாக் குன்று கருங்கல் அல்ல. மேலே செம்புரைக்கல், அதன் கீழே மணற்கல், களிமண், நிலக்கரிப் படிவு என்று அடுக்கடுக்கானது. மழைநீர் மேலடுக்குகளில் இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் அதன்மேல் பக்கவாட்டில் ஓடிக் குன்றின் முகத்தில் ஊற்றாகக் கசிகிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த ஊற்றுகள்தான் குன்று வழுக்கும் இடத்தையும் காட்டித் தருகின்றன. விடுதிகளின் குளியலறை நீரும் கழிவுநீர்க் குழிகளும் அதே அடுக்கில்தான் போய்ச் சேருகின்றன. பாபநாசம் கடலை விட்டுவிட்டு உங்கள் குழாய்களைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி நாற்காலி போட்டு விருந்தினரை உட்கார வைப்பதையும் நிறுத்துங்கள்.

கேள்வி (கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களா உரிமையாளர்): கடலைப் பார்த்தபடி நீச்சல் குளமும் புல்வெளியும் அமைத்திருக்கிறேன். புயலுக்கு எப்படித் தயார் செய்வது?

பதில்: மூன்று மீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள சிறிய குளம்கூட 27 டன் தண்ணீர். அதைக் கொண்டுபோய் விளிம்பில் வைத்துவிட்டு, பக்கத்தில் புல்லுக்குத் தினமும் நீர் பாய்ச்சி மேட்டை ஊறவைக்கிறீர்கள். கடலுக்கு இவ்வளவு ஒத்தாசை செய்பவரை நான் பார்த்ததில்லை. புல்லை எடுத்துவிட்டு, கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடி வையுங்கள். கழிவுநீர்த் தொட்டியும் கடல் பக்கம்தானே?

கேள்வி (வேதாரண்யம்): விளிம்பில் சவுக்கு நட்டால் மண் பிடிக்குமா?

பதில்: பின்னால் நூறு மீட்டர் தள்ளி, காற்றுத் தடுப்பாக நடுங்கள். விளிம்பில் வேண்டாம். வளர்ந்த சவுக்கு புயல் காற்றில் ஆடி ஆடி வேர்த்தட்டோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். அதன் சருகுமெத்தை கீழே வேறு எதையும் முளைக்கவிடாது. விளிம்புக்கு முன்னால் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும். அதற்குப் பின் தாழை. அதற்கும் பின் புன்னை. மழை தொடங்கும்போது நட்டு, ஆடும் ஆளும் மிதிக்காமல் இரண்டு பருவத்துக்கு வேலி கட்டுங்கள். இவை காற்றில் வரும் மணலைப் பிடித்து மேட்டை வளர்க்கும். அடியில் மோதும் அலையை எந்தச் செடியும் நிறுத்தாது.

கேள்வி (கடலூர்): எத்தனை லோடு கல் கொட்டினால் வீடு தப்பும்?

பதில்: கோட்டக்குப்பத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம்): எங்கள் ஊருக்கு இரண்டு தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) கேட்டுப் பல வருடமாக மனுக் கொடுக்கிறோம். போட்டால் வீடுகள் தப்புமா, தப்பாதா? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் வீடுகள் தப்பலாம். உங்களுக்கு வடக்கே இருக்கும் வீடுகள் போகும்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை வடக்கே, வடகிழக்குப் பருவமழையில் தெற்கே. ஆண்டுக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் பட்டினி. சென்னைத் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் அரிக்கப்பட்டதும் இதனால்தான். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புகள் வந்தபின் புதுச்சேரி நகரத்தின் மணற்கரை காணாமற்போனதும் இதனால்தான். நகரத்தைக் கல் போட்டுக் காத்தார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து உங்கள் வாசலுக்கு வந்தது.

மறுமொழி (அதே கேட்டவர்): அப்படியென்றால் நாங்கள் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? எல்லோரும் போட்டுவிட்டார்கள்.

மறுமொழி (அவர் ஊருக்கு வடக்கே இருப்பவர்): நீங்கள் போட்டால் அடுத்த வருடம் நாங்கள் மனுக் கொடுக்க வேண்டும் அண்ணே. போன மழையில் எங்கள் வலைக்கூடமே போய்விட்டது.

மறுமொழி (தேங்காப்பட்டணம்): ஐயா பேசுவது கிழக்குக் கடற்கரைக் கதை. எங்கள் பக்கம் வளைவு இல்லையென்றால் படகு நிறுத்தவே இடம் இல்லை. கரையில் வள்ளத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

பதில்: தேங்காப்பட்டணத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேற்குக் கரையில் மணலின் போக்கு வேறு, அலையின் வேகமும் வேறு. படகுக்கு அலை அடிக்காத ஒதுக்கிடம் வேண்டும் என்பது தனித் தேவை. அதைப் படகுத்துறை என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வீடு காக்கும் பணி என்று எழுதாதீர்கள்.

வடக்கு ஊர்க்காரரின் கோபமும் சரி. தூண்டில் வளைவு ஊர் ஊராக வடக்கே நீளும். கடைசி ஊர் என்று ஒன்று வராது. முழுக் கடற்கரைக்கும் மேலாண்மைத் திட்டம் இல்லாமல் இவற்றைக் கட்டக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் சொன்னதும் இதை முன்னிட்டுத்தான்.

மறுமொழி (முதலில் கேட்டவர்): தீர்ப்பாயம் வந்து எங்கள் வீட்டில் ஒரு நவம்பர் தங்கிப் பார்க்கட்டும். தப்புச் செய்தது துறைமுகம், தண்டனை எங்களுக்கா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் மனுவில் எழுதியிருக்க வேண்டும். தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே கொடுப்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்த யோசனை. தொடர்ந்து நடக்கவில்லை. 'எங்களுக்கு இரண்டு வளைவு' என்று கேட்டால் உங்கள் ஊரும் வடக்கு ஊரும் மோதிக்கொள்வீர்கள், அதிகாரிகளுக்கு வேலை மிச்சம். 'எங்கள் மணலைக் கொடு' என்று கேட்டால் இரண்டு ஊரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம். நகரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு மூழ்கிய தடுப்பு அமைத்து, மணலும் சேர்ந்து, காணாமற்போன கரையில் ஒரு துண்டு திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அதற்கும் அடிப்படை மணல்தான்.

மறுமொழி (வடக்கு ஊர்க்காரர்): மனுவை யார் எழுதுவது?

பதில்: நீங்கள் இருவரும் பேசி, ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்காருங்கள். வரைபடத்துக்கு நான் உதவுகிறேன். இந்த வாதத்தை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (கொல்லங்கோடு): கொச்சி அருகே செல்லானத்தில் டெட்ராபாட் (நாலு கால் கான்கிரீட் கட்டை) சுவர் வந்தபின் கடல் ஏறவில்லையாமே?

பதில்: சுவர் இருக்கும் ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் நல்ல பலன், மறுக்கவில்லை. அதற்கு 344 கோடி ரூபாய் திட்டம். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலி மக்கள் அதன் பின்னும் போராட வேண்டியிருந்தது. முனையில் இருப்பவரின் கதை எந்தச் சுவருக்கும் இதுதான்.

கேள்வி (குளச்சல்): புயலும் இல்லை, காற்றும் இல்லை, திடீரென்று கடல் வீட்டுக்குள் வருகிறது. எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?

பதில்: கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றில் எழுந்த நீண்ட அலைகள், உங்கள் வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரும். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) எச்சரிக்கை விடுகிறது. வானிலை அறிக்கையோடு அதையும் பாருங்கள். 2024 மே மாதம் உங்கள் மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது இப்படியொரு எச்சரிக்கைக் காலத்தில்தான்.

கேள்வி (நாகப்பட்டினம்): காப்பீடு எடுத்தால் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: 'பாரத் கிரிஹ ரக்ஷா' பாலிசியில் புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் உண்டு, கடலரிப்பால் நிலம் இறங்குவது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. புயலின்போது விழுந்ததா, அரிப்பில் விழுந்ததா என்பதில்தான் வழக்கே வரும். ஆகவே இன்றே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): கடலுக்குள் போன நிலத்துக்குப் பட்டா செல்லுமா?

பதில்: வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி (மரக்காணம்): புது வீடு கட்டுகிறேன். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம்?

பதில்: கட்டுவதற்கு முன் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். சட்டம் சொல்லும் தூரம் வேறு. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி ஊரகப் பகுதியில் மக்கள் அடர்த்தியைப் பொறுத்து உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் அல்லது 200 மீட்டர். மண் சொல்லும் தூரத்துக்குப் பழைய செயற்கைக்கோள் படங்களை எடுத்து, விளிம்பு ஆண்டுக்கு எவ்வளவு பின்வாங்கியது என்று பாருங்கள். அதை வீடு நிற்க வேண்டிய ஆண்டுகளால் பெருக்கி, ஒரு பெரும்புயலின் கடியையும் கூட்டுங்கள். ஆண்டுக்கு 1 மீட்டர், 40 ஆண்டு, புயலுக்கு 10 மீட்டர் என்றால் 50 மீட்டர். இரண்டில் எது அதிகமோ அது. கழிவுநீர்த் தொட்டியைச் சாலைப் பக்கம் வையுங்கள். இதைச் சொல்லாமல் நான் யாரையும் விடுவதாக இல்லை.

கேள்வி (தரங்கம்பாடி): எத்தனை லோடு கல்...

பதில்: தயவுசெய்து மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி (பழவேற்காடு): புயல் கடந்த மறுநாள் வீட்டுக்குத் திரும்பலாமா?

பதில்: வானம் வெளுத்துவிட்டது என்று உடனே போகாதீர்கள். ஊறிய மேடு புயலுக்கு இரண்டு மூன்று நாள் கழித்தும் சரியலாம். அடியில் குடைந்திருந்தால் மேலிருந்து பார்த்துத் தெரியாது. பக்கவாட்டில் தூரமாக நின்று பாருங்கள். விளிம்பு கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தால் அது விழும் வரை யாரும் மேலேயும் போக வேண்டாம், கீழேயும் போக வேண்டாம். உள்ளே போகும்போது கதவுகள் முன்புபோல் மூடுகின்றனவா என்று சோதியுங்கள். நேற்று மூடிய கதவு இன்று நிலையில் உரசினால் அடித்தளம் அசைந்திருக்கிறது. மின்சாரத்தைப் போடாமல், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.