அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமித் தொற்று: மருத்துவமனை பொறுப்பாகுமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். விபத்தில் தலையில் அடிபட்ட என் கணவருக்குத் தனியார் மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சை செய்து, நீர் வடியக் குழாய் பொருத்தினார்கள். ஐசியூவில் 9ஆம் நாள் காய்ச்சல் கண்டது. மூளையில் தொற்று என்றார்கள். 26ஆம் நாள் இறந்துவிட்டார். 11 லட்சம் ரூபாய் கட்டினோம். "ஐசியூ என்றால் கிருமி வரத்தான் செய்யும்" என்கிறார்கள். 14 மாதங்கள் ஆகிவிட்டன. வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம், அம்மா. ஆனால் தொற்று வந்தது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. மண்டைக்குள் செல்லும் குழாய் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனைக்குத் தொற்று அபாயமும் கூடும். நல்ல மருத்துவமனையிலும் அது நேரலாம். அதைத் தடுக்கவும், வந்ததை உடனே கண்டறியவும் செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பதையே நுகர்வோர் ஆணையம் பார்க்கும்.

அதற்கான விடை டிஸ்சார்ஜ் சம்மரியில் இராது. நர்ஸ்கள் எழுதும் தினசரிக் குறிப்பேட்டில் இருக்கும். கட்டு எப்போது மாற்றப்பட்டது, காய்ச்சல் கண்ட எத்தனை மணி நேரத்தில் மூளைத் தண்டுவட நீர் கல்ச்சர் பரிசோதனைக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) போனது, அறிக்கை வந்தபின் மருந்தை என்று மாற்றினார்கள் என்பவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒரு வழக்கில் மூன்று ஷிப்டுகளின் குறிப்புகளும் ஒரே கையெழுத்தில் இருந்ததை நானே பார்த்தேன். அந்தப் பக்கம்தான் எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்தில் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். அவை கிடைத்ததும், அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரிடம் எழுத்து மூலம் கருத்துப் பெறுங்கள். நிபுணர் சாட்சியம் எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், இது போன்ற சிக்கலான வழக்கை அது இல்லாமல் நடத்த நான் துணிய மாட்டேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டப்பூர்வ வாரிசாகத் தாங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மேல் ஆணையத்துக்குப் போகத் தேவையில்லை. காவல் நிலையத்தில் புகார் அளிப்பதை இப்போது நான் பரிந்துரைக்கவில்லை. குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

காலவரம்பு 2 ஆண்டுகள். அதைத் தொற்று வெளிப்பட்ட நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும் என்பதால், முழுதாகப் பத்து மாதம் மீதமிருப்பதாக எண்ண வேண்டாம். இந்த வாரமே பதிவேடு கேட்டுக் கடிதம் கொடுங்கள்; அந்தக் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் அங்கிருந்து திரும்ப வேண்டாம்.