பொறி அப்புறம், முதலில் அந்த அழுகல் எங்கே?

கேள்வி: மாம்பழக் கூடை வீட்டுக்கு வந்ததிலிருந்து சமையலறையில் கொசு மாதிரி குட்டிக் குட்டிப் பூச்சிகள். தினமும் மேடையைத் துடைக்கிறேன், எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைத்தேன், கற்பூரம் வைத்தேன், ஸ்ப்ரேயும் அடித்தேன். ஆன்லைனில் 'பழ ஈ பொறி' ஒன்று வாங்கி ஜன்னலில் மாட்டினேன், அதில் ஒன்றுகூட விழவில்லை. மாம்பழத்துக்குள் இருக்கும் புழுதான் இப்படிப் பறக்கிறது என்கிறார் கணவர். பக்கத்து வீட்டுக் குப்பைதான் காரணம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? என்ன மருந்து அடிக்கலாம்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை அம்மணி. பக்கத்து வீட்டுக் குப்பையைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் எலுமிச்சை இருக்கிறது, கிராம்பு இருக்கிறது, கற்பூரம் இருக்கிறது, ஸ்ப்ரேகூட இருக்கிறது. வெங்காயக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன் என்று ஒரு வரி மட்டும் இல்லை.

மேடையைத் துடைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தப் பூச்சி மேடையிலா முட்டையிடுகிறது? மூன்று மில்லிமீட்டர் நீளம், கிட்டத்தில் பார்த்தால் செக்கச்செவேல் என்று கண், ட்ரோசோஃபிலா என்று பெயர். அதற்கு வேண்டியது பழம்கூட இல்லை, புளிப்பு. எங்கே ஈஸ்ட் வளர்ந்து நொதிக்கிறதோ அங்கே வரும், அந்த ஈஸ்ட்டைத்தான் அதன் புழு தின்று வளரும். கள்ளுப் பானையைச் சுற்றி மொய்ப்பதும் இந்தக் கூட்டம்தான். நம் ஊரில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் பாவம், அது உங்கள் இட்லி மாவைத் தேடி வருகிறது.

ஆகவே மூக்கை வைத்துத் தேடுங்கள். வெங்காயக் கூடையின் அடியில் மேலே தெரியாமல் ஒன்று கூழாகியிருக்கும், உருளைக்கிழங்கும் அப்படித்தான், அது அழுகினால் நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும். கிரைண்டரைத் தூக்கிப் பாருங்கள், வழிந்த மாவு அடியில் காய்ந்தும் காயாமலும் ஒட்டியிருக்கும். பூஜை அறையில் வெள்ளிக்கிழமை வைத்த வாழைப்பழம் செவ்வாய்க்கிழமையும் அதே தட்டில் இருக்கிறதா? பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று சேர்த்து வைத்திருக்கும் ஜூஸ் பாட்டில்களின் அடியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் அதற்குப் போதும். ஈர மாப்பு, பாத்திரம் துலக்கும் நார், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, இதெல்லாமும் உண்டு. குப்பைக் கூடையில் பையை மாற்றினால் மட்டும் போதாது. பைக்கும் கூடைக்கும் நடுவில் ஒழுகி, அடியில் பழுப்பாக ஒரு வளையம் கட்டியிருக்கும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கூடையின் உள்பக்கச் சுவரில் அரிசிக் குருணை அளவுக்குப் பழுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது அழுக்கு இல்லை, கூட்டுப்புழு. ஈரத்தில் வளர்ந்த புழு கூடு கட்டும்போது கொஞ்சம் காய்ந்த இடமாகப் பார்த்து ஏறிக்கொள்ளும்.

ஸ்ப்ரே ஏன் பலிக்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நானூறு, ஐந்நூறு முட்டை வரை இடும். 25 டிகிரி வாக்கில் முட்டை ஒரே நாளில் பொரியும், முட்டையிலிருந்து பறக்கும் ஈ வரை மொத்தமே பத்து நாள் கணக்கு. நீங்கள் அடித்த மருந்து பறப்பதைக் கொல்லும், வெங்காயத்துக்குள் இருக்கிற புழுவை அது தொடவே தொடாது. நாளைக்கு வேறு ஒரு பட்டாளம் கிளம்பும், நீங்கள் மறுபடி அடிப்பீர்கள், அந்த மருந்தெல்லாம் மேடையில் வெட்டி வைத்த காய் மேல் இறங்கும். சமைக்கிற இடத்தில் இது வேண்டாம். கொசு பேட் வேண்டுமானால் வீசுங்கள், அந்தப் பட் பட் சத்தம் மனசுக்கு நல்லது, அதற்கு மேல் பெரிய பலன் எதிர்பார்க்காதீர்கள். கிராம்பும் கற்பூரமும் அந்த வகைதான், கொஞ்ச நேரம் விலகி உட்காரும், அவ்வளவே.

இந்தப் பத்து நாள் வேகத்துக்காகத்தான் விஞ்ஞானிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்பவர் பால் பாட்டிலுக்குள் வாழைப்பழத்தைப் போட்டு இவற்றை வளர்த்தார். 1910-ல் அதில் ஒன்று வெள்ளைக் கண்ணோடு பிறக்க, அதை வைத்து மரபணு ஆராய்ச்சியில் பெரிய வேலை நடந்து, 1933-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வேண்டுமென்று வளர்த்ததை நீங்கள் தெரியாமல் வளர்க்கிறீர்கள், பரிசும் கிடைக்காது.

சரி, தேடி எடுத்து வெளியே போட்டாயிற்று, அப்புறமும் வருகிறதே என்று அடுத்த வாரம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். கூட்டுக்குள் ஏற்கெனவே இருப்பது வெளியே வந்துதான் தீரும். பத்து, பன்னிரண்டு நாள் புதிதாக முட்டையிட இடம் கொடுக்காமல் இருந்தால் கூட்டம் தானாகக் குறையும். பொறிக்கு வேலை இந்த நாட்களில்தான். ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர், பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. சொட்டு எதற்கு என்றால், வெறும் வினிகர் மேல் அந்த ஈ கால் நனையாமல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போய்விடும். சோப்பு சேர்ந்தால் அந்த நீர்ப்பரப்பின் இழுவிசை போய் உள்ளே மூழ்கும். லிக்விடை அள்ளி ஊற்றினால் எலுமிச்சை வாசனைதான் தூக்கும், ஈ வராது. வினிகருக்குக் காசு செலவழிக்க மனமில்லையா, கறுத்துப்போன வாழைப்பழத் துண்டு ஒன்றை டம்ளரில் போட்டு, பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, கூர்முனையில் சின்ன ஓட்டை விட்டு மேலே செருகுங்கள். உள்ளே போகும் வழி தெரியும், வெளியே வரும் வழி தெரியாது. அந்தத் துண்டை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பொறியே பிரசவ ஆஸ்பத்திரி ஆகிவிடும். பக்கத்தில் மாம்பழம் திறந்து கிடந்தால் எந்தப் பொறியும் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழுத்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள், பழுக்காததைக் கழுவித் துடைத்து பழைய வேட்டித் துணியால் மூடுங்கள். கொசுவலை போதாது, அதன் கண் வழியாக இது நுழைந்துவிடும்.

சிங்க்கைச் சந்தேகப்பட்டால் ராத்திரி படுக்கும் முன் அதன் வாயில், ஒட்டும் பக்கம் கீழே பார்க்கும்படி, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு டேப் ஒட்டுங்கள். காலையில் அதில் பூச்சி இருந்தால் குழாய்க்குள்தான் குடியிருக்கிறது. ஃபினாயில் ஊற்றினால் உள்ளே படிந்த வழவழப்பைத் தாண்டி ஓடிவிடும், நீள பிரஷ் விட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். டேப்பில் ஒட்டியது சாம்பல் நிறமாக, இறகில் ரோமம் வைத்து, குட்டி விட்டில் போல இருந்தால் அது வேறு பூச்சி, பாத்ரூம் சுவரில் உட்காருமே அது. வைத்தியம் அதே பிரஷ்தான்.

இனி உங்கள் கணவர் விஷயம். மாம்பழத்தை வெட்டினால் நெளிகிற வெள்ளைப் புழு, காய் மரத்தில் இருக்கும்போதே தோலைத் துளைத்து முட்டையிடுகிற வேறொரு ஈயின் புழு. அந்த ஈ கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவு, குளவி மாதிரி மஞ்சள் கோடுகளோடு இருக்கும். அதன் புழு பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். உங்கள் வீட்டு மொசைக் தரையில் அதற்கு என்ன வேலை? விவசாயிகள் இந்த இரண்டாவது ஈக்குத்தான் தோப்பில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறார்கள், அதில் மெத்தைல் யூஜினால் என்ற மருந்து இருக்கும், அந்த இன ஆண் ஈக்கள் அந்த வாசனைக்கு வந்து விழும். நீங்கள் ஆன்லைனில் வாங்கியது அநேகமாக அதுதான், உறையில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். சமையலறை ஈ அதை ஏறிட்டும் பார்க்காது. இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், மாமரம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், காய் பிடிக்கும் நேரத்தில் அவருக்கு உதவும்.